மனதைச் செலுத்தி ஆராய்ந்ததில்

…திருப்தியடைந்து, என்று தட்டச்சாகியிருந்தது, யார் திருப்தியடைந்தது என்று பார்த்தால் சார்புச் செயலாளர், சார்புச் செயலாளர் யார் என்று பார்த்தால் அவள்தான், இன்னும் கோப்பின் நாடாவைக்கூட அவிழ்க்கவில்லை, சாப்பிட்டுக் கழுவிய கையில் ஈரம் காயவில்லை, அதற்குள் மூன்றாம் பக்கத்தின் அடியில் அவளுக்குத் திருப்தி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. 'ஆவணங்கள் அனைத்தையும் முழுமையாகப் படித்து, மனதைச் செலுத்தி ஆராய்ந்ததில், நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் எதிரான குற்றத்துக்கு முகாந்திரம் உள்ளதெனத் திருப்தியடைந்து, வழக்குத் தொடர இதன்வழி அனுமதி அளிக்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் இது ஒன்றும் புதிதில்லை, இங்கே மனசு முதலில் தட்டச்சாகி வரும், மனுஷி பிறகுதான் வருவாள், அவள் வராவிட்டாலும் மனசு தன்பாட்டுக்கு ஆராய்ந்துகொண்டிருக்கும்… மணி இரண்டு பத்து. வெளியே நடைக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் இருமினார். காலை பதினொன்றிலிருந்து அந்த பெஞ்சில்தான் இருக்கிறார், சளி எல்லாம் இல்லை, 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்பதற்கு அரசாங்கத்தில் உள்ள மரியாதையான மொழி அது. ஆணையைக் கையோடு வாங்கிப்போக வந்திருக்கிறார். சிறைக்குள்ளே இருக்கிறவனுக்கு இன்று எண்பத்தொன்பதாவது நாள். தொண்ணூறு நாளுக்குள் குற்றப்பத்திரிகையும் இந்த ஆணையும் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால் அவன் ஜாமீனில் வெளியே வந்துவிடுவான், போய்விட்டால் விசாரணை முடியும்வரை உள்ளேதான், இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, நிரூபணமானால் பதினான்கு. எல்லாம் இந்தக் கோட்டின் மேல் ஐந்து மணிக்குள் மை ஏறுமா ஏறாதா என்பதில் இருக்கிறது. அவளுக்கோ கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறையாண்மைக்குக்கூடக் கொஞ்சம் கொட்டாவி வரத்தான் செய்யும்.

நாடாவை அவிழ்த்தாள், அவிழ்த்திருக்க வேண்டியதில்லை, ஐந்து பேர் ஏற்கெனவே சுருக்கொப்பம் போட்டிருக்கிறார்கள், ஐந்து பேர் போட்ட இடத்தில் ஆறாவது ஆள் யோசிப்பது என்பது பந்தி முடிந்து எல்லோரும் கைகழுவிய பிறகு ருசி பார்ப்பது மாதிரி… ஆனால் தூக்கம் கலைய ஏதாவது படிக்க வேண்டும், செய்தித்தாள் கையில் இல்லை, கோப்பு இருந்தது. ஆக, நாட்டின் பாதுகாப்பை அவள் பிரித்துப் படித்ததற்குக் காரணம் தூக்கம்தான், பின்னால் யாராவது கேட்டால் இதைச் சொல்லமுடியாது. முதல் பக்கம், எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், தொழில், சமையல் சிலிண்டர் விநியோகம். அவளுக்குச் சட்டென்று தன் வீட்டு நினைவு, காலையில் அடுப்பு பாதியில் அணைந்தது, கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "நீ போ, நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்" என்றது, சொன்னாரா என்று தெரியவில்லை, கேட்போம் என்று கைப்பேசியை எடுத்தாள். "என்னங்க, சிலிண்டர் வந்துச்சா?" "வந்து மாட்டியும் குடுத்துட்டுப் போயாச்சு. நான் தூங்கிட்டேன். சிலிண்டர்காரரே சாவி எடுத்துத் திறந்து, மாட்டி, சோப்புத் தண்ணி விட்டுப் பார்த்துட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிருக்கார்." "சாவியா? சாவி இருக்கிற இடம் அவருக்கு எப்படித் தெரியும்?" "நீதானே சொல்லி வெச்சிருக்கே, செருப்பு அலமாரியில, இடது பக்கம், கிழிஞ்ச ஷூவுக்குள்ளன்னு." சொல்லித்தான் வைத்திருக்கிறாள். நாத்தனாருக்குக்கூடச் சொன்னதில்லை. நாத்தனாருக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, சிலிண்டர்காரருக்குச் சொன்னால் கிணற்றில் போட்ட கல் மாதிரி, அப்படித்தானே எல்லோரும் நினைக்கிறோம். அந்தக் கிணற்றுக்குள் எத்தனை வீட்டுக் கல் கிடக்கிறதோ.

பதினேழாம் பக்கம் முக்கிய தடயம். பாலித்தீன் உறைக்குள், முத்திரையோடு, ராஜ மரியாதையோடு ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாள். பாதுகாப்புத் துறைக் கிடங்கு வளாகத்துக்குள்ளே ஊழியர் குடியிருப்பு பதினான்கு வீடு, இவன் அங்கே பதினோரு வருஷமாக சிலிண்டர் போடுகிறவன். பெண்ணுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை, நான்கு நாள் விடுப்பு, தனக்குப் பதிலாகப் போகச் சொல்லி மச்சினனுக்கு வழி எழுதிக் கொடுத்திருக்கிறான். கோடு போட்டு, கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வார்த்தை. மூணாம் வீடு, மணி அடிக்காதே, கைக்குழந்தை. அஞ்சு, தாத்தாவுக்குக் காது கேக்காது, ஜன்னல்ல தட்டு. ஏழு, நாய் குலைக்கும், கடிக்காது. ஒம்போது, குலைக்காது, கடிக்கும். பதினொண்ணு, அந்த அம்மா தனியா இருக்காங்க, சிலிண்டரை உள்ள வரைக்கும் தூக்கி வெச்சுட்டு ரெண்டு வார்த்தை பேசிட்டு வா… அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அரசாங்கம் இந்தப் பதினான்கு வீட்டையும் பற்றி எத்தனை படிவம் வைத்திருக்கும், அதில் எந்தப் படிவத்திலாவது பதினோராம் வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச ஒரு கட்டம் இருக்குமா? கடைசியில் வடக்கு வாசல். 'ரெண்டுலேருந்து மூணு வரைக்கும் காவல்காரர் தூங்குவார், எழுப்பாதே, பாவம், நைட் டூட்டியும் அவர்தான். சின்னக் கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும், தள்ளிட்டுப் போ.' மச்சினன் போன அன்று பார்த்து காவல்காரர் விழித்திருந்தார். மச்சினன் வீட்டு எண் புரியாமல், வழி கேட்கிறவன் கேட்பதுபோல, அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறான். தன்னைப் பற்றித் தானே படித்த காவல்காரர் விசில் ஊதினார். மச்சினன் சாட்சியானான், எழுதினவன் எதிரியானான், காவல்காரர் அரசுத் தரப்பு முதல் சாட்சி.

நிபுணர் குழு அறிக்கை நாற்பத்தோரு பக்கம். நிபுணர்கள் எதையும் சும்மா விடுகிற ஜாதி இல்லை. 'வளாகத்தின் பாதுகாப்பு விலங்குகளின் இயல்பு குறித்த துல்லியமான தகவல்கள்' என்றால் அந்த இரண்டு நாய். 'குடியிருப்பாளர்களின் உடல்நலக் குறைபாடுகள்' என்றால் தாத்தாவின் காது. தாளின் பின்பக்கம் பெண் குழந்தை ஒரு கிளியை வரைந்திருக்கிறாள், பச்சையடித்து, கண்ணை மட்டும் வண்ணமில்லாமல் விட்டு, 'பறவையின் உருவம் சங்கேதக் குறியா என்பது தனி ஆய்வில் உள்ளது' என்று எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் முனைவர் பட்டம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது, கண் அறுவைக்குப் போன குழந்தை கிளியின் கண்ணை மட்டும் ஏன் வெறுமையாக விட்டது, அறுவை நடந்ததா, அப்பன் உள்ளே போனபிறகு யார் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள், கோப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், இதற்கு மட்டும் எங்கும் பதில் இல்லை. மேசைத் தொலைபேசி அடித்தது. செயலாளர். நல்ல மனிதர், எந்த முடிவையும் தன் கைப்பட எடுக்காததால் நல்லவராகவே இருந்துவிட முடிந்தவர். "என்னம்மா, அந்த ஆணை போயிடுச்சா?" "படிச்சுக்கிட்டிருக்கேன் சார்." "படிக்கிறீங்களா?" என்றார், அந்த இடத்தில் அந்தச் சொல்லை அவர் எதிர்பார்க்கவில்லை. "சரி, நல்லதுதான். ஆனா நாம நீதிபதி இல்லம்மா. தப்பு பண்ணானா இல்லையான்னு கோர்ட்டு பாத்துக்கும். நாம வெறும் வாசல். வந்தா திறந்துவிடறது. மேல கேக்கறாங்க. பதவி உயர்வுக் குழு வேற இந்த வாரம் கூடுது, ஞாபகம் இருக்குல்ல?" ஞாபகம் இருக்கிறது சார் என்றாள். ஒரே மூச்சில் அன்பாகவும் மிரட்டலாகவும் பேசத் தெரிவதற்கு இருபது வருஷப் பயிற்சி வேண்டும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாசல்… வாசல் என்றால் சரி, ஆனால் எதற்காக வாசலில் ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்கிறார்கள், திறக்க மட்டும் என்றால் ஒரு கீல் போதாதா? மணி இரண்டு ஐம்பது. இரண்டிலிருந்து மூன்று, பாவம், எழுப்பாதே.

வரைவு ஆணைக்குத் திரும்பினாள், இந்த முறை முதல் வரியிலிருந்து. இரண்டாம் பக்கம் நான்காம் பத்தியில் கால் தடுக்கியது. 'மேற்படி படகிலிருந்து கைப்பற்றப்பட்ட வரைபடம்.' இன்னொரு தடவை படித்தாள். படகு. மூன்று சக்கர வண்டியில் சிலிண்டர் கொண்டுபோகிறவனுக்கு எங்கிருந்து வந்தது படகு, அந்தக் கிடங்கைச் சுற்றி இருபது மைலுக்குக் குளம்கூடக் கிடையாதே… பக்கத்தில் ஐந்து சுருக்கொப்பம், ஐந்தும் அழகு, ஒன்றில் மயில் தோகை மாதிரி வால் வேறு. ஐந்து மனசும் ஐந்து முறை செலுத்தப்பட்டு ஐந்தும் படகில் ஏறி அக்கரை போயிருக்கின்றன. மணியடித்துத் தட்டச்சரைக் கூப்பிட்டாள். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் புயல், வேகத்துக்காக அல்ல, இதோ கரையைக் கடக்கும், இதோ கரையைக் கடக்கும் என்று மூன்று நாள் சொல்லிக் கடைசியில் எங்கேயோ வலுவிழந்து போகுமே, அந்த வகைக்காக. புயல் வந்து சேர ஆறு நிமிஷம் ஆனது.

"சார், இந்தப் படகு எங்கேருந்து வந்துச்சு?"

"எந்தப் படகு மேடம்?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளோடு மூக்கு உரசக் குனிந்தார். "அட, ஆமா. இது பழைய ஆணைமேலேயே அடிச்சது மேடம். பேரு, விலாசம், தேதி, பிரிவு எல்லாம் மாத்திட்டேன். படகு ஒண்ணு தங்கிடுச்சு."

"அஞ்சு பேர் போட்டிருக்காங்களே."

"எனக்கு மேல பாக்க ஆள் இருக்காங்கன்னு நான் அடிச்சேன். எனக்குக் கீழ பாத்திருப்பாங்கன்னு அவங்க போட்டாங்க." அவர் குரலில் குறும்பு இல்லை, பலநாள் பார்த்த வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார். "எடுத்துடவா மேடம்? ஒரு வார்த்தைதானே."

ஒரு வார்த்தைதான். இருங்க என்று அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள், எதிர்க் கட்டடத்தின் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டால் ஆணை ஓட்டையில்லாத ஆணை, எந்த வக்கீலாலும் அசைக்க முடியாது. எடுக்காமல் கையெழுத்துப் போட்டால்? அதுவும் ஒரு வழிதான், சத்தமில்லாத வழி, ஒருநாள் எவனாவது ஒரு வக்கீல் அந்தப் பத்தியைப் படித்து, கனம் நீதிபதி அவர்களே, எங்கே அந்தப் படகு என்று கேட்டால் மனதைச் செலுத்தவில்லை என்று மொத்தமும் கவிழ்ந்துவிடும், இவளுக்கும் கெட்ட பெயர் அப்போதுதான், அதற்குள் ஓய்வுகூட பெற்றிருப்பாள்… ஆனால் ஒருநாள் என்றால் என்று? இரண்டு வருஷம் கழித்தா? அதுவும் வக்கீல் படித்தால். ஐந்து அதிகாரிகள் படிக்காததை அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த இலவச வக்கீல் படிப்பான் என்று எந்த நம்பிக்கையில் அவனை அதுவரை உள்ளே வைப்பது? சரி, அனுமதி மறுக்கலாம், சட்டம் அந்த அதிகாரத்தையும் கொடுத்துத்தான் இருக்கிறது, பயன்படுத்தியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை, பாட்டன் துப்பாக்கி மாதிரி அது சுவரில் தொங்கத்தான். மறுத்தால் நாளைக் காலை நாட்டின் எதிரிக்குச் சார்பானவள் யார் என்று ஒரு தனிக் கோப்பு திறக்கும், அதில் செருப்பு அலமாரிச் சாவிகூடத் தடயமாகும்… பயமாக இருக்கிறதா? இருக்கிறது. கணவரின் இடுப்பு, மருத்துவமனை, வீட்டில் ஓடுகிற ஒரே சம்பளம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, நின்றதோடு இல்லாமல் இன்ஸ்பெக்டர் மாதிரி இருமவும் செய்தன.

இன்ஸ்பெக்டர் நிஜமாகவே கதவருகே வந்து நின்றார். "மேடம், மூணே முக்கால். வண்டி ரெடியா நிக்குது." உட்காருங்க என்றாள். உட்காரவில்லை. "அந்தக் காவல்காரர் தூங்குவாரா இன்ஸ்பெக்டர்?" என்று கேட்டாள், கேட்கவேண்டும் என்று நினைத்திருக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது. "அவர் நம்ம முதல் சாட்சி மேடம்." "தூங்குவாரான்னு கேட்டேன்." "தூங்கினதே இல்லைன்னு வாக்குமூலம் குடுத்திருக்கார்." "அப்போ தாள்ல எழுதியிருக்கிறது பொய். பொய் எப்படி ராணுவ ரகசியமாகும்?" இன்ஸ்பெக்டர் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மூலையில் இருந்த புயலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மட்டும் தெரியாதா? நானும் வீட்டுல சிலிண்டர் வாங்கறவன்தான். அந்த ஆளு மொதல் நாள் என்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா, பதினோராம் வீட்டுக்கு இன்னைக்கு சிலிண்டர் முடிஞ்சுபோயிருக்கும், யாராவது சொல்லிவிட முடியுமான்னு. ஆனா புடிச்சாச்சு. புடிக்கிறதுக்கு என்கிட்ட ஏழு ஃபாரம் இருக்கு. விடறதுக்கு ஒண்ணுகூட இல்லை." சொல்லிவிட்டு, சொல்லாததுபோல மறுபடி நிமிர்ந்து நின்றார்.

விடுவதற்கு ஒரு படிவம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, இந்தக் கட்டடத்தில் எதையும் மறுக்கவே வேண்டாமே, மறுத்து இங்கே யாரும் எந்தக் காரியத்தையும் நிறுத்தியதில்லை, கேள்வி கேட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். 'விளக்கம் கோரித் திருப்பப்படுகிறது.' எத்தனை விதவையின் ஓய்வூதியத்தை, எத்தனை பள்ளிக்கூடத்தின் கூரையை இந்த மூன்று சொல் விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது, அவளே எழுதியிருக்கிறாள், கூசாமல், சில நாள் வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்பதற்காக. குறிப்புத் தாளை இழுத்தாள். பேனாவைத் திறந்தாள். ஒன்று, வரைவில் கண்ட படகு எங்கே, எந்தத் தேதியில், யாரால் கைப்பற்றப்பட்டது? இரண்டு, வடக்கு வாசல் காவலர் பணியில் உறங்கினாரா, ஆம் எனில் அவர்மேல் எடுத்த நடவடிக்கை என்ன, இல்லை எனில் தாளில் உள்ள தகவலின் ரகசியத் தன்மை யாது? மூன்று, பறவை குறித்த தனி ஆய்வு முடிந்ததா, முடிவு என்ன? ஆவணங்களோடு விளக்கம் கோரித் திருப்பப்படுகிறது. சுருக்கொப்பம், தேதி, மணி மூன்று ஐம்பத்தைந்து. பழகின வாக்கியம், பழகின கை.

"ஒரு பக்கம்தானே மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர், கடமைக்கு. "படகை எடுத்துட்டு அடிச்சுக் குடுத்துடலாமே." அடிக்கலாம், ஆனா கேள்வி மையிலே ஏறிடுச்சு, பதில் வராம எடுக்க முடியாது என்றாள். "பதில் வர எத்தனை நாள் ஆகும்?" "உங்க தலைமை அலுவலகம்தான் சொல்லணும். போன தடவை பதினெட்டு நாள்." இன்ஸ்பெக்டர் தலையாட்டினார், தொப்பியைப் போட்டுக்கொண்டார், முகத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் காலையிலிருந்து இருந்த இருமலும் இல்லை. "நான் டீ குடிச்சிட்டுக் கிளம்பறேன் மேடம்." கதவு ஆடி அடங்கியது. நாளை மறுநாள் அவன் வெளியே வருவான், வந்தால் வழக்கு முடிந்ததா, இல்லை, செயலாளர் கேட்பார், குழு கூடும், பட்டியலில் அவள் பெயர் இருக்காது, பதினெட்டு நாளில் படகில்லாத இன்னொரு வரைவு வரும், அப்போது என்ன எழுதுவாள்? தைரியமா இது, அல்லது மழைக்கு ஒதுங்குகிற புத்தியா, கையெழுத்துப் போடப் பயம், மறுக்கவும் பயம், இரண்டு பயமும் சேர்ந்து ஒருத்தனுக்கு நல்லது செய்துவிட்டால் அதை என்ன பெயர் சொல்லி அழைப்பது… எதுவோ, அந்தப் பெண்ணின் கண்கட்டை அவிழ்க்கும்போது அப்பன் பக்கத்தில் இருப்பான், அல்லது அவிழ்த்தாகிவிட்டிருக்கும், அதுவும் தெரியாது.

புயல் கோப்பை எடுத்து நாடா கட்டிக்கொண்டிருந்தார், மெதுவாக, இரட்டை முடிச்சு. அவள் சும்மா கேட்டாள், பேச்சுக்கு. "சார், அந்தப் பழைய ஆணை யாரோடது? படகுக்காரரோடது?"

"நீங்க போட்டதுதான் மேடம். ரெண்டு வருஷம் இருக்கும்."

"நானா? என்னாச்சு அவருக்கு?"

"தெரியலையே மேடம். நம்மகிட்ட திரும்பி வரலை. வரலைன்னா எல்லாம் சரியாப் போச்சுன்னு அர்த்தம்."

"நான் படிச்சேனா?"

"படிக்காம என்ன மேடம். ஒருதரம் திருப்பிகூட விட்டீங்களே. இடது ஓரம் போதலை, நாடா கோர்க்க ஓட்டை போட்டா எழுத்து அடிபடும்னு. மறுநாள் பூரா உக்காந்து மறுபடி அடிச்சேன்."

அடித்தார். அவளுக்கு இப்போது தெளிவாக நினைவு வந்தது, அளவுகோலை நிறுத்திப் பார்த்தது, இரண்டு விரல் அகலம் வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டியது, மறுநாள் வந்த புதுத் தாளில் ஓட்டை எந்த எழுத்தையும் தொடாமல் விழுந்ததில் உண்டான நிறைவு, அன்றைக்கு மழை, அவள் கட்டியிருந்த சேலைகூட… எல்லாம் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, கேட்காமலே வந்தது. அந்த ஆளுடைய பெயரை மட்டும் தேடினாள், வயது, ஊர், படகில் தனியாகப் போனாரா கூட யாரும் இருந்தார்களா, எதை எழுதி வைத்திருந்தார், யாருக்கு வழி சொல்ல… புயல் கோப்போடு கதவுவரை போய்விட்டார், ஆவண அறை நான்கரைக்குப் பூட்டிவிடுவார்கள், மணி நான்கு பத்து, ஐந்தாம் மாடியிலிருந்து அடித்தளம் வரை படி இறங்கினால் பத்து நிமிஷம், பெயர் தெரிந்தால் அந்தப் பழைய கோப்பை எடுக்கலாம், எண் தெரிந்தாலும் எடுக்கலாம், அவள் எழுந்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முதல் எழுத்தாவது வரும் என்று நின்றுகொண்டிருந்தாள்.